பட்டுப்புடவை கடல் தாண்டும், பழங்காசு தாண்டாது: டாலர் விலையை நம்பி கணக்கு போடாதீங்க



காஞ்சிபுரத்துல வெளிநாட்டுக்கு பார்சல் அனுப்புறது ஒரு பெரிய விஷயமே கிடையாது. காந்தி ரோடு கடைகள்ல எடுத்த பட்டு சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன், நியூ ஜெர்சின்னு தினமும் போயிட்டே இருக்கு. கல்யாண சீசன்ல கேக்கவே வேண்டாம். அதனால இந்த ஊர்ல ஒரு வீட்டு அலமாரியில தாத்தா காலத்து வெள்ளி ரூபாய் நாலு கிடைச்சா, அடுத்த யோசனை தானா வந்துடுது: "வெளிநாட்டு சைட்ல இதே காசு 60 டாலர் போட்டிருக்கான். 40,000 ரூபாய் புடவையே பார்சல்ல போகுது, விரல் நுனி அளவு காசு போகாதா?"

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போற தம்பி தங்கச்சிங்ககிட்ட இருந்து இந்தக் கேள்வி இப்போ நிறைய வருது. சிலர் ஒரு படி மேல போய், சம்பளத்துல மாசம் 3,000, 4,000 ஒதுக்கி பழைய காசு வாங்கிச் சேர்க்குறாங்க. "இங்க ரூபாயில வாங்கி அங்க டாலர்ல விக்கலாம் அண்ணா"ங்குறதுதான் திட்டம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்தத் திட்டம் வேலைக்கு ஆகாது. ஒரு பொருளை நீங்க சட்டப்படி யாருக்கு விற்க முடியுமோ, அவங்க கொடுக்குற விலைதான் அதோட விலை. வெளியே அனுப்பவே முடியாத காசுக்கு வெளிநாட்டு விலை எவ்வளவு இருந்தா நமக்கு என்ன? பக்கத்து ஊர் கல்யாணத்துல போட்ட விருந்து மாதிரிதான் அது. பார்க்க நல்லா இருக்கும், நம்ம இலைக்கு வராது.

ஏன் முடியாதுன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

100 வருஷக் கோடு

முதல் தடை தபால் ஆபீஸ்லயோ கஸ்டம்ஸ்லயோ ஆரம்பிக்கல. 1972-ல வந்த தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம்னு ஒண்ணு இருக்கு. 1976 ஏப்ரல் 5-ல இருந்து நடைமுறையில இருக்கு. தொல்பொருள்னா என்னன்னு அது சொல்ற பட்டியல்ல முதல் சொல்லே நாணயம்தான். சிற்பம், ஓவியம், கல்வெட்டு எல்லாம் அதுக்கு அப்புறம். குறைந்தது 100 வருஷம் பழசா இருந்தா போதும், அது தொல்பொருள்.

தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப மத்திய அரசுக்கும், அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டும்தான் உரிமை. தனி ஆள் அனுப்பக் கூடாது. தபால், கூரியர், ஊருக்குப் போற மாமா பெட்டி, எந்த வழியா இருந்தாலும் இதே பதில்தான். மீறினா குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, கூடவே அபராதம். காசும் பறிமுதல் ஆகும்.

இதுல மூணு விஷயத்தை கவனிங்க.

ஒண்ணு, விலை எவ்வளவுங்குறது கணக்கே இல்ல. சோழர் காலத் தங்கக் காசும் தொல்பொருள்தான். சந்தைக் கடையில 50 ரூபாய்க்குக் கிடைக்குற ஜார்ஜ் மன்னர் காலத்து கால் அணாவும், வயசு 100 தாண்டியிருந்தா, தொல்பொருள்தான்.

ரெண்டு, இந்தக் கோடு நகர்ந்துட்டே இருக்கு. 2026-ல 1926-ம் வருஷக் காசு உள்ள வந்துடுது. அடுத்த வருஷம் 1927. இன்னிக்கு அனுப்ப முடியுற காசு, நீங்க "நல்ல விலை வரட்டும்"னு பத்து வருஷம் வெச்சிருந்தா, அனுப்ப முடியாத காசா மாறிடும். சாதாரணமா முதலீட்டுல பொறுமைக்குப் பலன் உண்டு. இங்க பொறுமையா இருக்க இருக்க வாங்குறவங்க வட்டம் சுருங்குது. எஸ்.ஐ.பி. போடுறவங்களுக்கு இது விநோதமா தெரியும், ஆனா உண்மை.

மூணு, இந்தியக் காசுன்னு அந்த வரையறையில எங்கயும் சொல்லல. எந்த நாட்டுக் காசா இருந்தாலும் வயசுதான் கணக்கு.

காசு பூமிக்குள்ள கிடைச்சிருந்தா கதை இன்னும் வேற. காஞ்சிபுரம் மாதிரி ஊர்ல அஸ்திவாரம் தோண்டும்போது ஏதாவது வர்றது அதிசயம் இல்ல. 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்து கிடைச்ச பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேல இருந்தா, கலெக்டருக்குத் தகவல் கொடுக்கணும். பாட்டி பெட்டியில இருந்த காசும் பள்ளத்துல கிடைச்ச காசும் சட்டத்தோட கண்ணுல ஒண்ணு கிடையாது.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு?

இந்தக் கேள்விக்கு பதில் நம்ம ஊர்லயே இருக்கு. காஞ்சிபுரம் யோகினிகள் பத்தி கேள்விப்பட்டிருக்கீங்களா? பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல் சிற்பங்கள். ஒரே கோயிலுக்காகச் செஞ்ச தொகுதின்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1926 வாக்குல பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் இந்தப் பகுதியில அவற்றைக் கண்டுபிடிச்சார். பாரிஸ்ல இருந்த கலைப்பொருள் வியாபாரி சி.டி. லூ கைக்குப் போச்சு. அங்கிருந்து லண்டன், பாரிஸ், வாஷிங்டன், டொரான்டோன்னு பல ஊர் மியூசியங்களுக்குப் பிரிஞ்சு போயிடுச்சு. ஒரே இடத்துல இருக்க வேண்டிய அக்கா தங்கச்சிங்க, இப்போ ஆளுக்கொரு கண்டத்துல.

அப்போ அதைத் தடுக்குற அளவுக்கு சட்டம் இல்ல. 1947-ல தான் தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குன்னு தனிச் சட்டம் வந்துச்சு. அதோட இடத்துல வந்ததுதான் இந்த 1972 சட்டம். அதனால "அரசாங்கம் சும்மா தொல்லை பண்ணுது"ன்னு ஒரே வரியில தள்ளிட முடியாது. அந்த வலி நம்ம ஊரோட வலி.

100 வயசு ஆகாத காசுக்கு?

இங்க ரெண்டாவது வேலி வருது. அது ரிசர்வ் வங்கியோட வேலி. ஃபெமா சட்டத்துக்குக் கீழ 2015 டிசம்பர்ல வந்த ஏற்றுமதி இறக்குமதி விதிமுறை, நினைவு நாணயத்தைப் பத்தித் தனியா பேசுது. நேபாளம், பூட்டான் தவிர மற்ற நாடுகளுக்கு நினைவு நாணயம் ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு மிகாமல் எடுத்துட்டுப் போகலாம் அல்லது அனுப்பலாம். அவ்வளவுதான்.

நினைவு நாணயம்னா பெட்டியில வர்ற 100 ரூபாய், 1,000 ரூபாய் வெள்ளிக் காசு மட்டும்னு நினைச்சுடாதீங்க. ஒரு நிகழ்வை நினைவுகூர அரசு நாணயச்சாலை வெளியிட்டு, இந்தியப் பண மதிப்பு போட்டிருக்குற காசு எல்லாம் அதுல சேரும்.

உதாரணத்துக்கு நம்ம ஊர்க்காரர் அறிஞர் அண்ணா. அவரோட நூற்றாண்டுக்கு 2009-ல வந்த 5 ரூபாய் காசுல அவர் கையெழுத்து தமிழ்லயே இருக்கும். நம்மில் பலர் அதை டீக்கடையில சில்லறையா கொடுத்து வாங்கியிருப்போம். சிங்கப்பூர்ல இருக்குற உங்க அத்தான், "தமிழ்ச் சங்கத்துல கொடுக்கணும், அண்ணா காசு ஒரு 20 அனுப்பு மாப்ள"ன்னு கேட்டா? மொத்த மதிப்பு 100 ரூபாய்தான். ஆனா அனுப்பக் கூடியது இரண்டு.

2010-ல தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1,000 ரூபாய் நாணயம், 2024 ஆகஸ்ட்ல வந்த கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம், எல்லாத்துக்கும் இதே அளவுதான். வெளிநாட்டுத் தமிழர்கிட்ட இதுக்கெல்லாம் நல்ல ஆசை இருக்கு, மறுக்கல. ஆனா அதைப் பார்த்து "பத்து செட் வாங்கி வெச்சா பத்து பேருக்கு விக்கலாம்"னு திட்டம் போட்டா, அந்த வியாபாரம் இந்த இரண்டுங்குற எண்ணுல முட்டி நின்னுடும்.

தபால் கவுன்ட்டர்ல என்ன நடக்கும்?

சரி, 1940-கள்ல வந்த சாதாரண காசு, நினைவு நாணயமும் இல்ல, 100 வயசும் ஆகல. இதை அனுப்பலாமா?

இங்க மூணாவது வேலி. உலக நாடுகளோட தபால் துறைகள் எல்லாம் சேர்ந்த உலக அஞ்சல் ஒன்றியம்னு ஒண்ணு இருக்கு. அதோட உடன்படிக்கையில காசு, ரூபாய் நோட்டு, தங்கம், வெள்ளி, நகை, ரத்தினக் கல் எல்லாம் ஒரே வரிசை. இதையெல்லாம் இன்ஷூரன்ஸ் இல்லாத சாதாரணத் தபால்ல போடக் கூடாது. மதிப்பு அறிவிச்சு இன்ஷூர் பண்ணித்தான் அனுப்பணும். அனுப்புற நாடு, வாங்குற நாடு ரெண்டோட உள்நாட்டுச் சட்டமும் அனுமதிச்சா மட்டும் மூடிய உறையில பதிவுத் தபாலா போகலாம்.

அதுக்கு மேல ஒவ்வொரு நாடும் தனியா ஒரு தடைப் பட்டியல் வெச்சிருக்கு. ஒரு நாட்டுக்குப் போறது இன்னொரு நாட்டுக்குப் போகாது. அனுப்பும் முன்னாடி அந்த நாட்டோட பட்டியலைத் தபால் ஆபீஸ்ல கேட்டுப் பார்த்துட்டுத்தான் பொட்டலம் கட்டணும்.

"கூரியர்ல போடலாமே அண்ணா?" பெரிய சர்வதேச கூரியர் கம்பெனிகளோட விதிமுறையைக் கீழ வரைக்கும் படிச்சுப் பாருங்க. பணம், நாணயம், தங்க வெள்ளிக் கட்டிகள் ஏற்கப்படாத பொருள் பட்டியல்லதான் பெரும்பாலும் இருக்கும்.

இதுல பணரீதியா முக்கியமான விஷயம் இன்னொண்ணு. தடை செஞ்ச பொருள் உள்ள இருந்தா, பொட்டலம் தொலைஞ்சாலும் தபால் துறை பொறுப்பு ஏற்காது. வாங்கினவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார். காசும் போச்சு, பணமும் போச்சு.

அந்தப் பக்கத்து விதியும் நம்ம கையில இல்ல. 2025 ஆகஸ்ட் 29-ல இருந்து, 800 டாலர் வரை உள்ள பார்சலுக்குக் கொடுத்துட்டு வந்த சுங்க விலக்கை அமெரிக்கா நிறுத்துச்சு. அதையொட்டி நம்ம தபால் துறை ஆகஸ்ட் 25-ல இருந்து அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்புறதையே தற்காலிகமா நிறுத்தி, அக்டோபர் 15-லதான் மறுபடி ஆரம்பிச்சது. அப்போ வரியை இங்கேயே முன்கூட்டி வாங்குற முறையும் சேர்ந்து வந்துச்சு. புடவைக்காரங்களே அந்த ஏழு வாரம் திணறினாங்க. மூணு காசு வெச்சிருக்குறவர் நிலைமை எப்படி இருக்கும்?

"கிஃப்ட்னு எழுதிட்டா போதும்"

இந்த யோசனை சொல்றதுக்குன்னே ஒவ்வொரு சொந்தக்காரர் குரூப்லயும் ஒருத்தர் இருப்பார். "பட்டுப்புடவை மடிப்புல வெச்சு அனுப்பு", "சட்டை பட்டன்னு எழுது", "பூஜை சாமான்னு போடு", "10 டாலர் கிஃப்ட்னு போட்டுரு".

செய்யாதீங்க. இதை நான் ரொம்ப அழுத்தமா சொல்றேன்.

வெளிநாட்டுத் தபால்ல பொருள் அனுப்பும்போது ஒரு கஸ்டம்ஸ் ஃபார்ம் ஒட்டுவாங்க. சின்னப் பொட்டலத்துக்கு சி.என். 22, மதிப்பு கூடுச்சுன்னா சி.என். 23. உள்ள என்ன இருக்கு, எவ்வளவு மதிப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறது நீங்க. சொல்லிக் கொடுத்த மாமா கையெழுத்து அதுல இருக்காது. வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்துல கஸ்டம்ஸ் அதிகாரிங்க உட்கார்ந்திருக்காங்க. பொட்டலம் எக்ஸ்ரேக்குள்ள போகும். துணி மடிப்புக்குள்ள வட்டமா உலோகம் இருந்தா திரையில பளிச்சுன்னு தெரியும்.

பொய்யான விவரம் கொடுத்தா 1962 சுங்கச் சட்டத்துல 2 வருஷம் வரை சிறைக்கு வழி இருக்கு. பொருள் மதிப்புல 5 மடங்கு வரை அபராதத்துக்கும் தனிப் பிரிவு இருக்கு. உள்ள இருந்தது 100 வருஷக் காசா இருந்தா தொல்பொருள் சட்டமும் சேரும்.

இப்போ ஒரு சம்பளக்காரரா யோசிங்க. நாளைக்கு வேற கம்பெனி மாறும்போது பின்னணிச் சரிபார்ப்பு வரும். பாஸ்போர்ட், விசாவுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வரும். 5,000 ரூபாய் காசுக்காக ஒரு வழக்கு உங்க பேர்ல இருந்தா, அதோட விலை என்ன? எந்தக் காசுக்கும் அவ்வளவு மதிப்பு கிடையாது.

அதுலயும் இன்னொரு கேவலம் இருக்கு. புடவை மடிப்புல காசு வெச்சு ஒரு பொட்டலம் மாட்டினா, அடுத்த வாரம் ஒழுங்கா புடவை மட்டும் அனுப்புற நம்ம ஊர்ச் சின்னக் கடைக்காரர் பொட்டலமும் சந்தேகத்தோட பிரிக்கப்படும். ஊர் பேர்ல வாழுற தொழில் அது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

சட்டம் அனுமதிக்குற காசு, எல்லா விதியும் சரியா பார்த்து அனுப்புறீங்கன்னே வெச்சுக்குவோம். கீழ இருக்குற எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்டது. உங்க சைட், உங்க தபால் கட்டணத்தை வெச்சு மாத்திப் போட்டுப் பாருங்க.

- விற்பனை விலை: 5,000 ரூபாய்
- சைட் கமிஷன் 13% என்றால்: 650 ரூபாய்
- பணம் வாங்கும் கட்டணமும் டாலர் மாற்று இழப்பும் 4% என்றால்: 200 ரூபாய்
- இன்ஷூரன்ஸோட வெளிநாட்டுத் தபால், பேக்கிங்: 900 ரூபாய்
- கையில நிக்குறது: 3,250 ரூபாய்

அதே காசுக்கு சென்னையில ஒரு நல்ல வியாபாரி 3,000 ரூபாய் கையில கொடுத்தா வித்தியாசம் 250 ரூபாய். அந்த 250-க்கு நீங்க போட்டோ எடுக்கணும், கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும், தபால் ஆபீஸ் போக அரை நாள் லீவு போடணும், மூணு நாலு வாரம் டிராக்கிங்கைப் பார்த்துட்டு உட்காரணும். வாங்கினவர் "படத்துல இருந்த மாதிரி இல்ல"ன்னு திருப்பி அனுப்பினா, திரும்பி வர்ற பொட்டலத்துக்கு இங்க கஸ்டம்ஸ் வேற. உங்க ஒரு நாள் சம்பளத்தை இந்த 250 பக்கத்துல வெச்சுப் பாருங்க.

இன்னொரு தப்பும் நிறைய பேர் பண்றாங்க. சைட்ல 60 டாலர்னு பார்க்குறது கேட்குற விலை. வித்த விலை அது கிடையாது. கேட்குறதுக்கு யாரு வேணும்னாலும் என்ன விலை வேணும்னாலும் கேட்கலாம். முடிஞ்ச விற்பனையை மட்டும் வடிகட்டிப் பாருங்க, பல காசுகளுக்கு எண் பாதிக்குக் கீழ இறங்கிடும்.

அடிப்படை மதிப்பு தெரியணும்னா ஒரு எளிய வழி இருக்கு. 1939 வரைக்கும் வந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதுல 91.7% வெள்ளி. அதாவது சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940-ல இருந்து வெள்ளி 50% ஆகக் குறைஞ்சது. 1947-ல நிக்கல் ரூபாய் வந்துடுச்சு. இன்னிக்கு வெள்ளி கிராம் விலையோட பெருக்குங்க. அதுதான் தரை. தரைக்கு மேல கிடைக்குறது அந்த வருஷம், நாணயச்சாலைக் குறி, தேய்மானம் இதைப் பொறுத்தது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது சுலபமா புரியும். பழைய பட்டுப்புடவையை எடுக்க வர்றவர் ஜரிகைக்கு மட்டும்தான் விலை சொல்வார். நெசவுக்கும், கோர்வைக்கும், பார்டருக்கும் விலை கொடுக்க அதை ரசிக்குற ஒருத்தர் வரணும். காசும் அதே மாதிரிதான். உலோக விலை எப்பவும் கிடைக்கும். ரசிகர் விலைக்கு ரசிகர் வரணும், அவர் நாம எட்டக்கூடிய தூரத்துல இருக்கணும்.

சட்டத்துல மாற்றம் வேணுமா? வேணும்

விதியை மதிங்கன்னு சொல்றதால, விதி எல்லாமே சரின்னு நான் சொல்லல.

ஒரு உண்மைச் சம்பவம். 1808-ல கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் மாகாணத்துக்காக 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல இருந்த சோஹோ நாணயச்சாலையில அடிச்சுது. அட்மிரல் கார்ட்னர்ங்குற கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க. 1809 ஜனவரியில அந்தக் கப்பல் இங்கிலாந்து கரையோரம் குட்வின் மணல் திட்டுல மூழ்கிடுச்சு. 1980-கள்ல கடலுக்கடியில இருந்து லட்சக்கணக்குல காசுகளை எடுத்தாங்க. இன்னிக்கு அது உலகம் முழுக்க சாதாரணமா விற்குது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூட பாக்கெட் மணியில வாங்குற மாதிரியான காசு அது.

அதே அச்சுல வந்த அண்ணன் தம்பிக் காசு, வேற கப்பல்ல ஏறி ஒழுங்கா மெட்ராஸ் வந்து சேர்ந்து, காஞ்சிபுரத்து வீட்டுப் பெட்டியில தூங்குச்சுன்னா, அது வெளியே போக முடியாத தொல்பொருள். மூழ்கினது உலகம் சுத்துது, கரை சேர்ந்தது அடைபட்டு கிடக்குது.

லட்சக்கணக்குல மெஷின்ல அடிச்ச செப்புக் காசையும், கையால வார்த்த ஒரே ஒரு சோழர் படிமத்தையும் ஒரே கட்டுல கட்டுறது சரியில்ல. அரிதான காசுக்கும் சோழர், பல்லவர் காலக் காசுக்கும் தடை இருக்கட்டும். அதை எந்த விலைக்கும் தளர்த்தக் கூடாது. ஆனா 1835-க்கு அப்புறம் எக்கச்சக்கமா அடிச்ச பிரிட்டிஷ் இந்தியக் காசுகளுக்கு ஒரு தனிப் பட்டியல் போட்டு, ஆன்லைன்ல பதிவு பண்ணி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை அனுப்ப அனுமதி கொடுக்கலாம். நினைவு நாணயத்துல இரண்டுங்குற அளவை, குறைஞ்சபட்சம் புழக்கத்துல விட்ட 5 ரூபாய், 10 ரூபாய் காசுகளுக்காவது கூட்டலாம். அண்ணா காசு சிங்கப்பூர்ல பத்து தமிழ்ப் பிள்ளைங்க கையில இருந்தா அது நமக்குப் பெருமைதானே?

2017-ல தொல்பொருள் சட்டத்துக்குப் பதிலா ஒரு வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்காக மத்திய அரசு வெளியிட்டுச்சு. அது சட்டமாகல. மறுபடி அப்படி ஒரு வாய்ப்பு வந்தா, காசு சேர்க்குறவங்க சங்கங்கள் மூலமா இதையெல்லாம் எழுதிக் கொடுக்கணும். அதுதான் வழி. விதி மாறும் வரைக்கும் புடவை மடிப்பு வழி கிடையாது.

அப்போ கையில இருக்குற காசை என்ன பண்றது?

1. முதல்ல வருஷம் பாருங்க. 100 வயசு ஆனதைத் தனியா, ஆகாததைத் தனியா, நினைவு நாணயத்தைத் தனியா பிரிச்சு வைங்க. பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

2. கழுவாதீங்க. புளி, விபூதி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு தேய்க்குற மாதிரி காசைத் தேய்ச்சா பளபளப்பு வரும், விலை போயிடும். சேகரிப்பவங்க அந்தப் பழைய நிறத்துக்குத்தான் பணம் கொடுக்குறாங்க.

3. இந்தியாவுக்குள்ளேயே வில்லுங்க. சென்னையில நாணயக் கண்காட்சிகள் நடக்குது. மும்பை, பெங்களூருல உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் இருக்கு. அவங்க பட்டியல்லயே 100 வருஷத்துக்கு மேற்பட்டவை நாட்டை விட்டு வெளியே போகாதுன்னு போட்டிருப்பாங்க. குறைந்தது ரெண்டு பேர்கிட்ட விலை கேளுங்க. உள்நாட்டுல அனுப்பும்போதும் இன்ஷூர் பண்ணித்தான் அனுப்பணும்.

4. பழங்காசுன்னு விலை கொடுத்து வாங்கும்போது பில் கேளுங்க. தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் கட்டாயம். தொடர்ந்து வாங்கி விற்குற எண்ணம் உங்களுக்கு இருந்தா, அந்த விதி உங்களுக்கும் பொருந்தும்.

5. வயசு சந்தேகமா இருந்து, உண்மையிலேயே வெளியே கொண்டுபோகணும்னா, இந்தியத் தொல்லியல் துறையில "தொல்பொருள் இல்லை"ங்குற சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அவங்க சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில இருக்கு. வயசு பத்தி அந்தத் துறை சொல்றதுதான் கடைசி வார்த்தை.

6. பெரிய தொகைக்கு வித்தா வரி இருக்கலாம். தொல்பொருள் தொகுப்பு மூலதனச் சொத்துல சேரும். விற்குறதுக்கு முன்னாடியே ஆடிட்டரைப் பாருங்க, வித்த அப்புறம் ஓடாதீங்க.

7. "உங்ககிட்ட இருக்குற 2 ரூபாய் காசுக்கு 5 லட்சம் தர்றோம், முதல்ல ஜி.எஸ்.டி. கட்டுங்க"ன்னு யாராவது கூப்பிட்டா போனை வைங்க. ரிசர்வ் வங்கி பேரையும் முத்திரையையும் காட்டி இப்படி ஏமாத்துறாங்கன்னு 2021 ஆகஸ்ட்லயே ரிசர்வ் வங்கி எச்சரிச்சிருக்கு. பணம் கொடுக்க வர்றவர் உங்ககிட்ட பணம் கேட்க மாட்டார்.

காசு சேர்க்குறதே தப்புன்னு நான் சொல்லல. வரலாறு கையில இருக்குற சுகம் வேற எதுலயும் கிடைக்காது. ஆனா அதை மாசச் செலவுல பொழுதுபோக்குக் கணக்குல எழுதுங்க, முதலீட்டுக் கணக்குல எழுதாதீங்க. அவசர நிதி ஆறு மாசத்துக்கு ரெடியா, ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கா, எஸ்.ஐ.பி. ஓடுதா? இதுக்கெல்லாம் அப்புறம் மீதி இருந்தா வாங்குங்க. வட்டி தராது, டிவிடெண்ட் தராது, அவசரத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு விற்கவும் முடியாதுன்னு தெரிஞ்சே வாங்குங்க.

வெளிநாட்டுல இருக்குற சொந்தக்காரர் கேட்டா, காசைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த லீவுக்கு வரும்போது கையில வெச்சுப் பார்க்கட்டும். அவங்களுக்கு ஏதாவது அனுப்பியே ஆகணும்னா, நம்ம ஊர்ல அதுக்குப் பட்டு இருக்கு. அதை எந்த மடிப்புலயும் எதையும் ஒளிக்காம அனுப்புங்க.

உங்க வீட்டுப் பெட்டியில எந்த வருஷத்துக் காசு இருக்கு? வருஷத்தை மட்டும் கமெண்ட்ல சொல்லுங்க, போட்டோவும் அட்ரஸும் பொதுவுல போடாதீங்க. 100 வருஷக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வருதுன்னு சேர்ந்து பார்ப்போம். அடுத்த வீடியோவுல நகைக்கடை லட்சுமி காசு வாங்கும்போது செய்கூலியில எவ்வளவு போகுதுன்னு பேசுவோம்.